சைவக்காரர் பில்லில் ஆம்லெட் வந்துவிட்டது: பைதான் ஃபங்ஷனில் டிஃபால்ட் லிஸ்ட் பற்றி ஒரு சந்தேகம்

மெஸ்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் என் மாமியார் இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறார். மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் 31 பேர். அதில் 9 பேருக்கு எடுப்புச் சாப்பாடு, கேரியரில் போகும். இவ்வளவு நாள் நீள நோட்டில் எழுதிக் கூட்டியதை ஆடி மாதத்திலிருந்து நான் பைதான் என்ற நிரல் மொழியில் போட்டு வருகிறேன். படித்தது பி.காம்., நிரல் எழுதக் கற்றுக்கொண்டது வீடியோ பார்த்து.

கம்ப்யூட்டர் மெஸ்ஸில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை வீட்டிலிருந்து கைபேசியில் எழுதுகிறேன், அதனால் நிரலையும் தமிழ் எழுத்திலேயே தட்டியிருக்கிறேன். டெஃப், ரிட்டர்ன் மாதிரியான சொற்கள் என் கோப்பில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பெயரும் மற்ற பெயர்களும் அங்கேயும் தமிழ்தான்.

டெஃப் வரி_சேர்(பொருள், விலை, பில்=[]):
    பில்.அப்பெண்ட்((பொருள், விலை))
    ரிட்டர்ன் பில்

[] என்பது காலி லிஸ்ட், அதாவது காலிப் பட்டியல். அப்பெண்ட் அதன் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும். ஏற்கெனவே ஒரு பில் இருந்தால் அதைக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் காலி பில்லில் தொடங்கட்டும் என்றுதான் பில்=[] என்று டிஃபால்ட் (கொடுக்காதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பு) போட்டேன். ஒவ்வொருவருக்கும் முதல் வரியை பில் கொடுக்காமல் அழைப்பேன். திரும்பி வருவதை வைத்துக்கொண்டு அடுத்த வரிகளுக்கு அதையே கொடுப்பேன்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்போதெல்லாம் ஒருவர் பெயரைக் கொடுத்து ஓட்டி, பில்லை அச்செடுத்து, மூடிவிட்டு அடுத்தவருக்குப் போவேன். போன ஞாயிற்றுக்கிழமை 31 பேருக்கும் ஒரே ஓட்டத்தில் வரட்டும் என்று ஒரு லூப் எழுதினேன். பட்டியலில் முதல் ஆள் லேப்பில் வேலை பார்க்கும் தம்பி, இரண்டாவது ஆள் பேங்க் சார். திங்கட்கிழமை காலையில் பேங்க் சார் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “அம்மா, நான் முட்டையைத் தொட்டு நாற்பது வருஷம் ஆச்சு, இதுல மூணு ஆம்லெட் இருக்கே” என்றார். மூன்று ஆம்லெட், 45 ரூபாய். அது லேப் தம்பி சாப்பிட்டது. அப்புறம் கடைசி ஆளின் பில்லை எடுத்துப் பார்த்தால் ஊரே சாப்பிட்ட கணக்கு அதில் இருக்கிறது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. நீள நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்னதாக எழுதிப் பார்த்ததிலும் அதேதான்:

லேப்_தம்பி = வரி_சேர்("ஆம்லெட்", 15)
பேங்க்_சார் = வரி_சேர்("தயிர்சாதம்", 40)
பிரிண்ட்(பேங்க்_சார்)

வருவது: [('ஆம்லெட்', 15), ('தயிர்சாதம்', 40)]

இரண்டாவது அழைப்பில் நான் பில் கொடுக்கவே இல்லை. அப்படியானால் பில் காலி லிஸ்ட்தானே? பழைய ஆம்லெட் எங்கே உட்கார்ந்திருந்தது? சரிசெய்யும் வழி தெரிந்தால் போதாது, ஏன் என்றும் புரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு எங்காவது இதே தவறைச் செய்வேன்.


கோவை_பையன் எழுதியது:

அக்கா, இது பைதானில் எல்லோரும் ஒருமுறை விழும் பள்ளம். பில்=நன் (நன் என்றால் ‘ஒன்றும் இல்லை’) என்று வைத்துவிட்டு, உள்ளே முதல் வரியாக பில் = பில் ஆர் [] என்று போடுங்கள், அதாவது ‘பில் இருந்தால் அது, இல்லாவிட்டால் காலி லிஸ்ட்’. சரியாகிவிடும்.


மாலை_வகுப்பு எழுதியது:

அம்மா, கும்பகோணத்தில் மாலை வகுப்பில் பைதான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வருஷம் பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் இரண்டு நாள் நிற்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டெஃப் என்று தொடங்கும் வரியை நாம் ஓர் அறிவிப்பு மாதிரி படிக்கிறோம். “இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது” என்று பைதானுக்குத் தெரிவித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். பைதானுக்கு அது அறிவிப்பு இல்லை, வேலை. நிரல் மேலிருந்து கீழே ஓடும்போது அந்த வரியும் ஓடுகிறது. ஓடும்போது ஃபங்ஷன் என்ற பொருளை உருவாக்குகிறது, கூடவே சமன் குறிக்கு வலப்பக்கம் நீங்கள் எழுதிய [] என்பதையும் அந்த நிமிஷமே உருவாக்கி ஃபங்ஷனோடு ஒட்டி வைத்துவிடுகிறது. ஒரே ஒருமுறைதான். அதன் பிறகு நீங்கள் பில் கொடுக்காமல் எத்தனை முறை அழைத்தாலும் புது லிஸ்ட் வராது, ஒட்டி வைத்த அதே லிஸ்ட்தான் வரும்.

நம்பிக்கைக்காகச் சொல்லவில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம். மெஸ்ஸுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போடாமல், ஒரு புள்ளி வைத்து, இரண்டு அடிக்கோடு, டிஃபால்ட்ஸ், மறுபடி இரண்டு அடிக்கோடு:

பிரிண்ட்(வரி_சேர்.__டிஃபால்ட்ஸ்__)

கோப்பு ஓடத் தொடங்கியதும் முதலில் கேட்டால் ([],) என்று வரும். ஆம்லெட் வரியை அழைத்த பிறகு கேட்டால் ([('ஆம்லெட்', 15)],) என்று வரும். தயிர்சாதத்துக்குப் பிறகு கேட்டால் இரண்டும் இருக்கும். நீங்கள் “எங்கே உட்கார்ந்திருந்தது” என்று கேட்டீர்களே, அங்கேதான். நிரலை மூடித் திறந்தால் டெஃப் வரி மறுபடி ஓடும், புது லிஸ்ட் உருவாகும். மூன்று மாதம் உங்களுக்குச் சரியாக வந்த ரகசியம் அதுதான். ஒவ்வொருவருக்கும் மூடித் திறந்தீர்கள்.

இன்னொரு படி உள்ளே போக வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்டது ‘ஏன்’. ஒரு ஃபங்ஷனுக்கு நாம் ஏதாவது கொடுக்கும்போது உண்மையில் என்ன போகிறது? டெஃப் வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொருள், விலை, பில் மூன்றும் பாராமீட்டர்கள், அதாவது பெயர்கள். அழைக்கும்போது நீங்கள் கொடுக்கும் "ஆம்லெட்", 15 ஆகியவை ஆர்க்யுமெண்டுகள், அதாவது பொருட்கள். அழைத்த நொடியில் பைதான் அந்தப் பெயர்களை இந்தப் பொருட்களோடு கட்டுகிறது.

‘கட்டுகிறது’ என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். நம் வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம். வெட்டிய பேர் அந்தப் பாத்திரத்தை விட்டுப் போகாது, ஒரு பாத்திரத்துக்கு ஒரு பேர். சி மாதிரியான நிரல் மொழிகளில் மாறி (வேரியபிள், மதிப்பை வைக்கும் பெயர்) என்பதை அப்படி நினைத்துக்கொள்ளலாம். பைதானில் பேர் வெட்டுவதே கிடையாது. உங்கள் எடுப்புச் சாப்பாட்டுக் கேரியரில் நூல் போட்டு ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்பது அந்த அட்டை. ஒரே கேரியரில் மூன்று அட்டை தொங்கலாம். ஓர் அட்டையை அவிழ்த்து வேறு கேரியரில் கட்டலாம், பழைய கேரியருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இப்போது இந்த இரண்டு ஃபங்ஷன்களைப் பாருங்கள்.

டெஃப் மாற்று(பில்):
    பில் = []

டெஃப் துடை(பில்):
    பில்.கிளியர்()

முதலாவது, பில் என்ற அட்டையை உங்கள் கேரியரிலிருந்து அவிழ்த்து ஒரு காலிக் கேரியரில் கட்டுகிறது. வெளியே உங்கள் பில்லில் இருந்த வரிகள் அப்படியே இருக்கும். இரண்டாவது, அட்டையைத் தொடவில்லை. கேரியரைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுகிறது. வெளியே உங்கள் பில்லும் காலி, ஏனென்றால் கேரியர் ஒன்றுதான். அப்பெண்ட் இரண்டாவது வகை. அட்டையை மாற்றாமல் கேரியருக்குள் போடுகிற வேலை.

எண், எழுத்துச் சரம், டப்பிள் (உங்கள் நிரலில் (பொருள், விலை) என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஜோடி மாதிரி) எல்லாம் மூடி போட்டு ஈயம் வைத்த கேரியர்கள் மாதிரி. உள்ளே எதையும் போட முடியாது, அட்டையை மட்டும்தான் மாற்ற முடியும். அதனால் விலை=0 என்று டிஃபால்ட் வைத்தால் ஒரு தொல்லையும் வராது. லிஸ்ட், டிக்ஷனரி, செட் மூன்றும் திறந்த கேரியர்கள். அவற்றை டிஃபால்ட்டாக வைத்தால்தான் பேங்க் சாருக்கு ஆம்லெட் போகும்.

இப்படிப் பொருளைக் கொடுக்கும் முறைக்கு ‘கால் பை ஷேரிங்’ என்று பெயர். 1970-களில் சிஎல்யூ என்ற மொழியை உருவாக்கிய பார்பரா லிஸ்கோவ் வைத்த பெயர் அது. நகல் எடுத்துக் கொடுப்பதும் இல்லை, மாறியையே தூக்கிக் கொடுப்பதும் இல்லை, ஒரே பொருளை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பைதான், ஜாவாஸ்கிரிப்ட், ரூபி எல்லாம் இந்த வழிதான். எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும், நடப்பதை அப்படியே சொல்கிறது.

சரி, மருந்து. கோவை_பையன் தம்பி சொன்ன நன் சரி. ஆனால் அவர் சொன்ன ‘ஆர்’ வேண்டாம், அதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பைதானில் காலி லிஸ்ட்டும் ‘இல்லை’ என்றே கணக்காகும். நீங்கள் வெளியே புது_பில் = [] என்று ஒரு காலி லிஸ்ட்டை உருவாக்கி, வரி_சேர்("இட்லி", 30, புது_பில்) என்று அழைத்தால், உள்ளே இருக்கும் ‘ஆர்’ உங்கள் காலி லிஸ்ட்டைத் தள்ளிவிட்டு வேறொரு புது லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளும். இட்லி அதில் போய் விழும். புது_பில் காலியாகவே இருக்கும். ஆம்லெட் கூடுதலாக வந்ததையாவது பேங்க் சார் கேட்டுவிட்டார், இட்லி விட்டுப்போனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். எனவே வெளிப்படையாகவே கேளுங்கள்:

டெஃப் வரி_சேர்(பொருள், விலை, பில்=நன்):
    இஃப் பில் இஸ் நன்:
        பில் = []
    பில்.அப்பெண்ட்((பொருள், விலை))
    ரிட்டர்ன் பில்

நன் என்பது மூடிய கேரியர். ‘ஒன்றும் கொடுக்கவில்லை’ என்பதற்கு மட்டும் அடையாளம். பில் = [] என்ற வரி இப்போது ஃபங்ஷனின் உடம்புக்குள் இருக்கிறது, டெஃப் வரியில் இல்லை. அதனால் பில் கொடுக்காமல் அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடும்.


கோவை_பையன் எழுதியது:

ஐயா, நான் இரண்டு வருஷமாக ‘ஆர்’தான் எழுதி வருகிறேன். நீங்கள் சொன்ன புது_பில் சோதனையை இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், காலியாகத்தான் வந்தது. பழைய கோப்புகளைத் தேடி மாற்ற வேண்டும். நன்றி.


இரவு_ஷிஃப்ட் எழுதியது:

இதே பள்ளத்துக்கு நேரம் சம்பந்தமாக ஒரு கிளை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பல வருஷம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிட்டுப் பைதானுக்கு வந்தவன். ஜாவாஸ்கிரிப்டில் 2015-ல் டிஃபால்ட் பாராமீட்டர் வந்தபோதே, அது ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடப்படும் என்று வைத்துவிட்டார்கள். ரூபியிலும் கோட்லினிலும் அப்படித்தான். பைதானிலும் அதே மாதிரி இருக்கும் என்று நினைத்து, பதிவு(செய்தி, நேரம்=டேட்டைம்.நவ்()) என்று எழுதி வைத்தேன். டேட்டைம்.நவ்() அந்த நொடியின் நேரத்தைத் தரும்.

வேலை பார்த்த இடத்தில் அந்தச் சர்வர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நான்காவது நாள் ஒரு பிரச்சினை, எப்போது தொடங்கியது என்று பார்க்கப் பதிவேட்டைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே நேரம்: காலை 9 மணி 14 நிமிஷம் 7 நொடி. சர்வரைக் கிளப்பிய நேரம் அது. டெஃப் வரி ஓடிய அந்த நொடியோடு கடிகாரம் நின்றுவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு நானும் இன்னொருவரும் உட்கார்ந்து வேறு கோப்புகளிலிருந்து நேரத்தைப் பொறுக்கி எடுத்தோம். டேட்டைம் என்பது மாற்ற முடியாத பொருள்தான், ஐயா சொன்ன மூடிய கேரியர். அதிலேயே இப்படி. அதனால் லிஸ்ட், டிக்ஷனரி மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். டிஃபால்ட் இடத்தில் எந்த ஃபங்ஷனை அழைத்தாலும் யோசியுங்கள்.


மெஸ்_கணக்கு எழுதியது:

ஐயா, இன்று மதியப் பந்தி முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன டிஃபால்ட்ஸ் வரியை லூப்புக்குள் போட்டு, ஒவ்வொருவர் முடிந்ததும் அச்சிடச் சொன்னேன். திரையில் அது நீண்டுகொண்டே போனதைப் பார்த்தபோதுதான் மனதில் உட்கார்ந்தது. நன் போட்ட பிறகு (நன்,) என்றே நின்றது, அசையவில்லை. 31 பில்லையும் நோட்டோடு ஒப்பிட்டு டிக் அடித்தேன். எல்லாம் சரி.

இரவு_ஷிஃப்ட் அண்ணா, உங்களுக்கும் நன்றி. என் கோப்பிலும் தேதி=டேட்.டுடே() என்று ஓரிடத்தில் இருந்தது. ராத்திரி பன்னிரண்டைத் தாண்டி நிரலைத் திறந்தே வைத்திருந்தால் மறுநாள் பில்லில் முந்தின நாள் தேதி விழுந்திருக்கும். எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மாதக் கடைசியில் மொத்தம் போடும் ஃபங்ஷன் இது:

டெஃப் பில்_போடு(பெயர், தொகை, முன்பாக்கி, தள்ளுபடி):
    ரிட்டர்ன் தொகை + முன்பாக்கி - தள்ளுபடி

பேங்க் சாருக்கு 2400 ரூபாய், போன மாதப் பாக்கி 120, லீவில் போன நாளுக்குத் தள்ளுபடி 50. பில்_போடு("பேங்க் சார்", 2400, 50, 120) என்று அழைத்துவிட்டேன். 2470 வர வேண்டியது 2330 என்று வந்தது. 140 ரூபாய் நஷ்டம், எந்தப் பிழையும் காட்டவில்லை. இதற்கு வரிசையை மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இருக்கிறதா?


மாலை_வகுப்பு எழுதியது:

வழி இருக்கிறது அம்மா, ஒரு நட்சத்திரம் போதும்.

டெஃப் பில்_போடு(பெயர், தொகை, *, முன்பாக்கி=0, தள்ளுபடி=0):

நடுவில் தனியாக நிற்கும் அந்த * குறிக்குப் பிறகு வரும் பாராமீட்டர்களுக்குப் பெயர் சொல்லித்தான் மதிப்பு கொடுக்க முடியும். பில்_போடு("பேங்க் சார்", 2400, தள்ளுபடி=50, முன்பாக்கி=120) என்று எழுதினால் 2470. வரிசையை மாற்றி எழுதினாலும் 2470. பழைய பழக்கத்தில் நான்கையும் வரிசையாகக் கொடுத்தால் பைதான் டைப்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும், இரண்டு வாங்கும் இடத்தில் நான்கு கொடுத்திருக்கிறீர்கள் என்று. தப்பான பில் அச்சாவதைவிட நிரல் நிற்பது மேல். முன்பாக்கி=0 என்பது எண், மூடிய கேரியர், பயமில்லை.

இது 2008-ல் வந்த பைதான் 3.0-விலேயே உண்டு. இதற்கு நேர்மாறாக, நட்சத்திரத்துக்குப் பதில் சாய்வுக்கோடு போட்டால் அதற்கு முன்னால் இருப்பவற்றைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது. அது 2019-ல் 3.8-ல் வந்தது. உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

நான் மாணவர்களிடம் சொல்லும் அளவு இதுதான்: ஒரே வகையான இரண்டு மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், இரண்டும் ரூபாய், இரண்டும் தேதி என்றால், நட்சத்திரம் போட்டுவிடு. பெயரும் தொகையும் மாறினால் எழுத்தோடு எண்ணைக் கூட்டப் பார்த்து உடனே பிழை வந்துவிடும். பாக்கியும் தள்ளுபடியும் மாறினால் ஒன்றும் வராது.

பைலிண்ட் என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம்தான். கோப்பைக் கொடுத்தால் பில்=[] போன்ற இடங்களை டபிள்யூ0102 என்ற எண்ணோடு எச்சரிக்கும். முதல் நாளே இது இருந்திருந்தால் பேங்க் சார் நடந்து வந்திருக்க வேண்டாம். பைதானே ஓரிடத்தில் இதைத் தடுக்கிறது: 3.7-ல் வந்த டேட்டாகிளாஸில் (பல மதிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் அமைப்பு) ஒரு புலத்துக்கு [] என்று டிஃபால்ட் வைத்தால் ஏற்காது, வேல்யூஎரர் என்ற பிழையைக் காட்டும். சாதாரண ஃபங்ஷனில் மட்டும் பழைய நடைமுறை அப்படியே இருக்கிறது. அதை மாற்றினால் இதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் உடையும் என்பது புரிகிறது. ஆனாலும் புதிதாகக் கற்பவர்கள் மேல் இந்தப் பாரத்தை ஏற்றியிருப்பது சரியில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

நீங்கள் தமிழில் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி. ஒரே ஒரு எச்சரிக்கை. ‘ொ’ என்ற குறியைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ‘ெ’ தனி, ‘ா’ தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாராமீட்டர் பெயரில் வந்தால் பைதான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துச் சரத்தில் ஒன்றாக்காது. "பொங்கல்" என்று கைபேசியில் ஒருவிதமாகவும் கம்ப்யூட்டரில் வேறுவிதமாகவும் தட்டியிருந்தால், விலைப்பட்டியல் டிக்ஷனரியில் பொங்கல் இல்லை என்று சொல்லிவிடும். அப்படி வந்தால் பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற மாடியூலில் (தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.


மெஸ்_கணக்கு எழுதியது:

நட்சத்திரம் போட்டுவிட்டேன் ஐயா. போட்டதும் என் லூப்பே டைப்எரர் காட்டி நின்றது, அங்கேயும் நான்கையும் வரிசையாகத்தான் கொடுத்திருந்தேன். பெயர் சொல்லி மாற்றினேன்.

பேங்க் சாரிடம் 45 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். 140 விஷயத்தையும் சொன்னேன். “அப்போ நான்தானேம்மா உங்களுக்கு 95 தரணும்” என்று நூறு ரூபாய் கொடுத்தார். மீதி 5 ரூபாயை முன்பாக்கி=-5 என்று இந்த மாதக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். மாமியார் அதை நோட்டிலும் எழுதிக்கொண்டார்.